நான்கு பேருக்குக் கட்டிய வீட்டில் பத்துப் பேர்

அத்தியாயம் 7: கல்லூரி மாணவர்களுக்கு வீடு விடுகிறவர்களுக்கு

பொத்தேரியிலோ பீளமேட்டிலோ ஒரு மாடி வீடு. அப்பா காலத்தில் கட்டியது. ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, ஒரே குளியலறை. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். பக்கத்தில் கல்லூரி வளர்ந்துவிட்டது. முதல் வருடம் மாடியை நான்கு மாணவர்களுக்கு விட்டீர்கள். அடுத்த ஜூனில் அவர்களுடைய நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த வருடம் ஹாலிலும் கட்டில் போட்டாயிற்று. வாடகை வீட்டுக்கு இவ்வளவு என்றிருந்தது, ஆளுக்கு இவ்வளவு என்று மாறிவிட்டது. இன்று பத்துப் பேர்.

சுவரும் வயரும் குழாயும் மாடிப்படியும் அப்படியேதான் இருக்கின்றன. தலைக்கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. மாணவர் வீடுகளில் வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறப்பவை. சட்டச் சிக்கல்களும் அப்படித்தான். எனவே வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து, இந்த வீடு எத்தனை பேருக்காகக் கட்டப்பட்டது, இப்போது எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடியும்வரை அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

வீடா, விடுதியா?

நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து உங்களிடம் ஒரு போர்ஷனை வாடகைக்கு எடுத்து, தாங்களே சமைத்து, தாங்களே பெருக்கி, தங்கள் பூட்டைப் போட்டுக்கொண்டால் அது வாடகை வீடு. நீங்கள் கட்டிலுக்கு இவ்வளவு என்று வசூலித்து, சாப்பாடு போட்டு, ஒரு வார்டனையும் வைத்தால் அது விடுதி. வாசலில் ‘பி.ஜி.’ என்று போர்டு மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அதன் தன்மை மாறாது.

இந்த வேறுபாட்டை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2014இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் பெண்கள் விடுதி நடத்துவது குற்றம். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, சமையல் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மாணவிகளுக்குக் கட்டில் கணக்கில் இடம் விடுகிறீர்கள் என்றால், முதல் மாணவி பெட்டியோடு வருவதற்கு முன்பே மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போய், உங்கள் ஏற்பாட்டை உள்ளது உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். ‘நாலு பொண்ணுங்கதானே’ என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது ஆபத்து.

விடுதியென்றால் ஜி.எஸ்.டி. வருமே என்று பயந்து பலர் ஒளித்து நடத்துகிறார்கள். 2024 ஜூலையிலிருந்து, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் கட்டணம் வாங்கி, தொடர்ந்து 90 நாளாவது தங்க வைத்தால் அந்தத் தங்குமிடக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. நம் ஊர் மாணவர் விடுதிகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒப்பந்தமும் அட்வான்ஸும்

வாடகைக்கு விடுவதை இன்று ஆள்வது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். ‘பையன்கள் வருஷா வருஷம் மாறுவார்கள், இதற்கெல்லாம் எதற்குப் பத்திரம்’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான்: மாறிக்கொண்டே இருப்பவர்களோடுதான் எழுத்து அவசியம். தகராறு வரும் நாளில் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் நிற்க உங்களுக்குத்தான் கால் இருக்காது.

மாணவர் வீட்டு ஒப்பந்தத்தில் பலர் தவறவிடும் ஒன்று வயது. முதலாண்டு சேரும் பிள்ளைகளில் பலருக்கு 17தான் நடக்கிறது. 18 நிறையாதவர் போடும் கையெழுத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தில் மதிப்பில்லை. அதனால் பெற்றோரில் ஒருவரை வரச்சொல்லி, அவரையே ஒப்பந்தக்காரராக வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தச் சந்திப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. நள்ளிரவில் பையனுக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒப்பந்தத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்று எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிடுங்கள். ‘நண்பன் நாலு நாள் தங்குகிறான்’ என்பது நாலு மாதமாக நீளும்போது கேட்பதற்கு உங்களிடம் ஒரு வரி இருக்க வேண்டும். அதே வரி உங்களையும் கட்டும். ஏழு பேர் என்று எழுதிவிட்டு எட்டாவது கட்டிலை நீங்களே கொண்டுவந்து போட முடியாது.

அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் பொது அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பெயின்ட் அடிக்க என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது நம்மூர் வழக்கமாகவே ஆகிவிட்டது. நியாயமாக நடக்க ஒரு சுலபமான வழி உண்டு. குடிவரும் நாளில் மாணவர்களோடு வீட்டைச் சுற்றிவந்து, சுவர், ஃபேன், சுவிட்ச், குழாய், கதவு எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். அவர்கள் கண்முன்னே எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். காலி செய்யும் நாளில் அதே படங்களை வைத்துப் பாருங்கள். சண்டைக்கு வேலையே இருக்காது.

மாடிப்படியின் அடியில் நில்லுங்கள்

இனி வீட்டுக்குள் போவோம். முதலில் பார்க்க வேண்டியது சமையலறையும் அல்ல, குளியலறையும் அல்ல. மாடிப்படியின் அடியில் போய் நின்று பாருங்கள்.

நம் வீடுகளில் மேலே போக ஒரே படிதான். அந்தப் படிக்கு அடியில்தான் மின் மீட்டர் பெட்டி. அதற்குப் பக்கத்தில்தான் மாணவர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். குடும்பம் இருந்தபோது ஒரு வண்டி. இப்போது ஏழெட்டு, எல்லாவற்றிலும் பெட்ரோல். ஓர் ஓரத்தில் மின்சார ஸ்கூட்டர் இரவு முழுக்கச் சார்ஜில். படி முடியும் இடத்தில் கிரில் கேட். இரவு பத்து மணிக்கு அதற்குப் பூட்டு. சாவி கீழ்வீட்டில், உங்கள் தலைமாட்டில். ஒரு பொறி பறந்தால் மேலே தூங்கும் பத்துப் பேரும் எந்த வழியாக இறங்குவார்கள்?

தமிழ்நாடு இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்த அவர்களால் ஓட முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகிய படியில் இறங்க வழியில்லாமல் 94 குழந்தைகள் போனார்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் விடிகாலையில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கிளம்பிய தீயும் புகையும் உயிர்களைப் பறித்தன. தீ தொடங்குவதற்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம். வெளியேற வழியிருக்கிறதா என்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

இந்த வாரத்துக்குள் செய்யக்கூடியவை இவை:

படிக்கட்டின் அடியிலிருந்து வண்டிகளை அகற்றி, காம்பவுண்டுக்குள் திறந்த இடம் ஒன்றைக் கோடு போட்டுக் கொடுங்கள். மின்சார ஸ்கூட்டருக்கும் அங்கேயே, மழை படாத திறந்த இடத்தில், தனிச் சுவிட்ச் வைத்துக் கொடுங்கள்.

இரவில் பூட்டத்தான் வேண்டுமென்றால், உள்ளிருந்து சாவியில்லாமல் கையால் திறக்கும் தாழ்ப்பாளைப் போடுங்கள். வெளியிலிருந்து திருடன் வரக் கூடாது. உள்ளிருந்து பிள்ளைகள் போக முடிய வேண்டும். இரண்டையும் செய்யும் பூட்டு கடைகளில் கிடைக்கிறது.

எல்லா ஜன்னலிலும் அசையாத கம்பி என்றால், ஒவ்வொரு போர்ஷனிலும் ஒரு ஜன்னலின் கிரில்லையாவது உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்து மாற்றச் சொல்லுங்கள். வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை.

மொட்டை மாடிக் கதவை உள்பக்கத் தாழ்ப்பாளோடு மட்டும் விடுங்கள். கீழே தீயென்றால் மேலே போய்க் காற்று வாங்கவாவது முடியும். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு அதையும் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், கும்பகோணத்தை நினைத்துக் கைவிடுங்கள்.

படியின் தலைப்பில் ஒன்றும் சமையலறை வாசலில் ஒன்றுமாக ‘ஏ.பி.சி.’ வகைத் தீயணைப்பான் மாட்டுங்கள். முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். கூரையில் ஒட்டும், பேட்டரியில் ஓடும் புகை எச்சரிப்பான் ஒவ்வொரு தளத்திலும் இருக்கட்டும். தூங்குகிறவனைப் புகை எழுப்பாது, சத்தம்தான் எழுப்பும்.

மின்சாரம்

இங்கேதான் கையிலிருக்கும் தாள் அதிகம் பேசும். ஒரு குடும்பத்தில் ஒரு இஸ்திரிப் பெட்டி இருக்கும். பத்து மாணவர்கள் இருந்தால் பத்து லேப்டாப், பத்து சார்ஜர், நாலைந்து கெட்டில், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. காலை ஏழு மணிக்கு எல்லாமே ஒன்றாக ஓடும்.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 1,380 வாட். மாணவர்கள் வாங்கி வரும் கெட்டிலில் 1,500 வாட் என்று எழுதியிருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட்டைத் தொடும். சின்னப் பிளக்கில் சொருகி, அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தால், பிளக் கருகும் வாடைதான் முதல் எச்சரிக்கை. அடுத்த எச்சரிக்கைக்கு நேரமிருக்காது. ‘கெட்டில் கூடாது’ என்று சுவரில் எழுதி ஒட்டினால் அது கட்டிலுக்கு அடியில் போகும். தனி வயரில் 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டைச் சமையல் மேடையில் கொடுத்து, இங்கே மட்டும் வையுங்கள் என்று சொல்வதே பலன் தரும் வழி.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். ஈரக் கையோடு ஹீட்டரைத் தொட்ட பிள்ளைக்கு உடலில் மின்சாரம் பாயும் கணத்திலேயே அது இணைப்பைத் துண்டிக்கும். அதில் ‘டெஸ்ட்’ பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் அளந்து, தேதியோடு எழுதி வாங்குங்கள். பக்கெட்டுக்குள் போடும் தண்ணீர்க் கம்பி ஹீட்டரை வீட்டுக்குள் விடாதீர்கள். நல்ல கீசர் ஒன்றை நீங்களே மாட்டிக் கொடுத்தால் அந்தக் கம்பிக்கு வேலை இருக்காது.

இணைப்புக்கு வாங்கிய அனுமதி லோடு எவ்வளவு, இப்போது ஓடுவது எவ்வளவு என்று பாருங்கள். மிஞ்சினால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். விடுதியாக நடத்தும் இடத்துக்கு எந்தக் கட்டண வகை பொருந்தும் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிவிடுவது நல்லது.

கேஸ்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தரையோடு படர்ந்து தேங்கும். அதனால் சமையலறைக் கதவின் கீழ்ப்புறத்தில் காற்றோட்டம் இருக்க வேண்டும். தாழ்வான, மூடிய இடத்தில் சிலிண்டர் வைக்கவே கூடாது. ரப்பர் டியூபில் ஆயுட்காலம் அச்சிட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு மேல் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாணவர் வீட்டில் பெரிய ஆபத்து தெருக்கடையில் கிலோக் கணக்கில் நிரப்பித் தரும் சின்னச் சிலிண்டர். முத்திரையும் சோதனையும் இல்லாத அதை வைத்திருப்பது, வெடிக்கும் பொருளைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பதற்குச் சமம். எண்ணெய் நிறுவனங்களே அடையாள அட்டையின் பேரில் தரும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அதை எங்கே வாங்குவது என்று காட்டிக் கொடுங்கள். நீங்களே மெஸ் நடத்தினால் வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைத் தொடக் கூடாது. வணிக உபயோகத்துக்கானது 19 கிலோ சிலிண்டர்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். மூடிய அறையில் அது கார்பன் மோனாக்சைடு கக்கும். வாடையும் நிறமும் இல்லாத அந்த நஞ்சு குளிக்கப் போனவரை மயக்கி அங்கேயே சாய்த்துவிடும். கேஸ் கசிவுக்கு அவசர எண் 1906. தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112. இம்மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அதன் கீழே வீட்டின் முழு முகவரியையும் எழுதுங்கள். வெளியூர்ப் பிள்ளைக்குப் பதற்றத்தில் தெருப்பெயர் நினைவுக்கு வராது.

தண்ணீரும் செப்டிக் டேங்கும்

நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது திட்டமிடுவோர் எடுத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேருக்கு 540. பத்துப் பேருக்கு 1,350. மேலே இருப்பது ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் மதியத்துக்குள் அது வறண்டுவிடும். லாரித் தண்ணீர் வாங்கிக் கீழ்த்தொட்டியில் ஊற்றுவீர்கள். மூடி அரைகுறையாகக் கிடக்கும். டெங்குவைப் பரப்பும் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடியை இறுக்குங்கள், வழியும் குழாய்க்கு வலை கட்டுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவுங்கள்.

உள்ளே வரும் தண்ணீர் வெளியேயும் போக வேண்டும். பாதாளச் சாக்கடை வராத பகுதியில், குடும்பத்துக்குப் பல வருடம் தாங்கிய செப்டிக் டேங்க் பத்துப் பேருக்குச் சீக்கிரமே நிரம்பும். அப்போது ‘தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கார், இறங்கி எடுத்துடுவார்’ என்று யாராவது சொல்வார்கள். அந்த வார்த்தையைக் காதில் வாங்காதீர்கள். செப்டிக் டேங்குக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சட்டமும் பணமும் ஒருபுறம் இருக்கட்டும். நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை விஷவாயுவில் சாக வேண்டுமா? உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை 14420 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பூட்டிய கதவு அவர்களுடையது

வீடு உங்களுடையதுதான். ஆனால் வாடகை வாங்கிய நாளிலிருந்து உள்ளே வாழ்வது அவர்கள். பழுது பார்க்கவோ சோதிக்கவோ போக வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்திலோ மின்னணு முறையிலோ தெரிவிக்கச் சொல்கிறது சட்டம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதுவது பெரிய வேலையில்லை. வாடகை பாக்கி என்று தண்ணீரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் சட்டவிரோதம். காலி செய்யச் சொல்ல நியாயமான காரணம் இருந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

கேமரா வாசலையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் பார்க்கட்டும். அறை வாசல், குளியலறை வழி, துணி உலர்த்தும் இடம் எதையும் அது பார்க்கக் கூடாது. பெண்ணின் அந்தரங்கத்தைப் பதிவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மாணவிகள் இருக்கும் வீட்டுக்குப் பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ வரும்போது, அந்த மாணவிகள் சொல்லும் நேரத்தில், நீங்களோ உங்கள் வீட்டுப் பெண் ஒருவரோ உடன் இருங்கள்.

காவல் நிலையத்துக்குத் தர வேண்டியவை

வாடகைக்கு இருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தரும்படி சென்னையில் காவல் ஆணையர் அவ்வப்போது உத்தரவிடுவது உண்டு. உங்கள் ஊரில் என்ன நடைமுறை என்று நிலையத்தில் கேட்டு, படிவத்தைக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். வெளிநாட்டு மாணவர் வந்தால் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அதற்கான படிவத்தில் இணையத்தில் பதிவேற்ற வேண்டும், ஓட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் அந்தக் கடமை உண்டு. மாணவர்கள் தரும் ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு நகலே போதுமா என்று கேட்டுப் பாருங்கள். எந்த நகலானாலும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் புரோக்கருக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு வருடத்தின் வேலை

மே மாதம், வீடு காலியாக இருக்கும்போது: எலக்ட்ரீஷியன் சோதனை, எர்த் அளவு, கேஸ் டியூப், தொட்டிக் கழுவல், செப்டிக் டேங்க், வெள்ளையடிப்பு.

ஜூன், ஜூலை, புதியவர்கள் வரும்போது: பெற்றோர் கையெழுத்து, ஒப்பந்தப் பதிவு, படங்கள், காவல் நிலையப் படிவம். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் படிக்கட்டின் அடியில் கூட்டி, எந்த வழியில் வெளியே போவது, தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, மெயின் சுவிட்ச் எங்கே என்று நீங்களே காட்டுங்கள். கால் மணி நேரம் போதும்.

அக்டோபர், மழைக்கு முன்: மொட்டை மாடி நீர்ப்போக்கு, சுவர் ஒழுகல், சுவிட்ச் பெட்டியில் ஈரம், தொட்டி மூடி.

மாதாமாதம்: ஆர்.சி.சி.பி. பொத்தான், தீயணைப்பான் முள், படிக்கட்டு காலியாக இருக்கிறதா என்ற பார்வை.

எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நாளை ஒரு கேள்வி வந்தால் அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

இப்போது கையிலிருக்கும் தாளைப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் இரண்டே வழிதான் உண்டு: வீட்டை அந்த எண்ணுக்குத் தகுந்தபடி உயர்த்துங்கள், அல்லது எண்ணை வீட்டுக்குத் தகுந்தபடி குறையுங்கள். ஒரு கட்டில் குறைந்தால் மாதம் சில ஆயிரம் போகும். திண்டிவனத்திலோ திருநெல்வேலியிலோ ஒரு தாய், பெயர்கூடத் தெரியாத உங்களை நம்பித்தான் தன் பிள்ளையை அந்தக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறாள். இன்று இரவு கேட்டைப் பூட்டும் முன், அந்தப் பூட்டு உள்ளிருந்து திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.